பூனைக்கு +4, புலிக்கு +6: மேசை ஆட்டங்களில் விலங்குகளின் ஸ்டெல்த் எண் ஏன் மாறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள எண்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகளைச் சேர்ந்தவை. ஸ்டெல்த் எண் என்பது பதுங்கும்போது பகடையில் விழுந்ததோடு கூட்டும் எண். 2003இல் வந்த 3.5 பதிப்பு, அதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டர், 2024 திருத்தம் ஆகியவற்றைத் தொடும் இடங்களில் பெயரோடு சொல்லியிருக்கிறோம். பகடை என்றால் இருபது முகப் பகடை. டிஎம் என்பவர் ஆட்டத்தை நடத்துபவர்.

வீட்டுப் பூனைக்கு ஸ்டெல்த் +4தான். இரண்டாள் நீளமுள்ள புலிக்கு +6. இது தலைகீழாக இல்லையா?

பூனை ஒளிந்தால் கண்டுபிடிப்பது கடினம் என்பது எல்லோருக்கும் தெரியும். அலமாரிக்குப் பின்னால் நாலு விரல் இடம் போதும் அதற்கு. ஆனால் ஐந்தாம் பதிப்பில் ஸ்டெல்த் எண் அளப்பது உடம்பு எவ்வளவு சிறியது என்பதை அல்ல, அந்த உயிர் பதுங்குவதில் எவ்வளவு கைதேர்ந்தது என்பதை. பூனைக்கும் புலிக்கும் டெக்ஸ்டெரிட்டி (உடல் சுறுசுறுப்பு, சுருக்கமாக டெக்ஸ்) ஒன்றுதான்: 15, அதாவது உருட்டலில் +2. இரண்டுக்கும் தேர்ச்சி எண்ணும், அதாவது கைவந்த திறமைக்குக் கூட்டும் எண்ணும், +2தான். பூனை அதை ஒரு முறை கூட்டிக்கொள்கிறது, 2+2=4. புலி இரட்டிப்பாகக் கூட்டிக்கொள்கிறது, 2+4=6. வேறுபாடு முழுவதும் அந்த ஒரு இரட்டிப்பில் இருக்கிறது.

ஏன் புலிக்கு மட்டும்? அதன் தாக்குதலைப் பாருங்கள். 20 அடி நேராகப் பாய்ந்து நகத்தால் அடித்தால், எதிரி ஸ்ட்ரெங்த் சேவ், அதாவது பலத்தால் தாக்குப்பிடிக்கும் உருட்டலில், 13 எடுக்க வேண்டும். தவறினால் கீழே விழுவான்; புலி போனஸ் ஆக்ஷனாக (கூடுதல் செயலாக) ஒரு கடியும் கடிக்கலாம். மறைவிலிருந்து அந்த 20 அடிக்குள் யாராவது வந்தால்தான் இந்த ஏற்பாடு முழுப்பலன் தரும். புலி பதுங்குவது பாய்வதற்கே என்று நாம் சொல்வதை அப்படியே எண்ணாக மாற்றினால் +6 கிடைக்கும். பூனையின் பதுங்கல் ஆட்டத்தில் யாருடைய உயிருக்கும் ஆபத்தில்லை. அதன் சவால் மதிப்பு, அதாவது சண்டையில் எவ்வளவு ஆபத்தானது என்ற அளவு, 0.

3.5 பதிப்பில் இதே இரண்டு விலங்குகளின் ஒளிதல் கணக்கு நேர் எதிர். அங்கே ஒளிதலில் பூனைக்கு +14, புலிக்கு +3. ஓசையின்றி நடப்பதில் பூனைக்கு +6, புலிக்கு +9. ஒளிதல், ஓசையின்மை என்று இரண்டு தனித் திறமைகள் இருந்ததால் ‘சிறியது’, ‘கைதேர்ந்தது’ என்ற இரண்டையும் தனித்தனியாகக் காட்ட முடிந்தது. ஐந்தாம் பதிப்பு இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்தது. விலங்குகளைப் பற்றி எழும் குழப்பங்களில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

ஒரு விலங்கின் ஸ்டெல்த் எண்ணை நாமே எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

முதலில் டெக்ஸ்டெரிட்டியிலிருந்து 10ஐக் கழித்து இரண்டால் வகுங்கள், மீதி இருந்தால் கீழ்ப்பக்கம் முழுமையாக்குங்கள். பிறகு சவால் மதிப்பைப் பாருங்கள்: 0 முதல் 4 வரை தேர்ச்சி எண் +2, 5 முதல் 8 வரை +3. விலங்கின் விவர அட்டையில் உள்ள ஸ்டெல்த் எண்ணிலிருந்து, முதலில் வகுத்துக் கிடைத்த டெக்ஸ்டெரிட்டி எண்ணைக் கழித்தால் மிச்சம் என்ன? தேர்ச்சி எண் அளவு என்றால் சாதாரணத் தேர்ச்சி, அதன் இருமடங்கு என்றால் இரட்டைத் தேர்ச்சி.

ஓநாய்: டெக்ஸ் 15, ஸ்டெல்த் +4, ஆகவே சாதாரணம். மரநாய் போன்ற வீசல்: டெக்ஸ் 16, ஸ்டெல்த் +5, அதுவும் சாதாரணம். கருஞ்சிறுத்தை, சிங்கம், வாள்பல் புலி மூன்றுக்கும் +6, மூன்றும் இரட்டை. ராட்சதச் சிலந்தி: டெக்ஸ் 16, ஸ்டெல்த் +7, இரட்டை. இந்தப் பட்டியலில் பெரிய பூனைகளும் பெரிய சிலந்திகளும் ஒரே பக்கம் நிற்பதைக் கவனியுங்கள். இரண்டும் பதுங்கியிருந்து இரை பிடிப்பவை. ஓநாய் துரத்திக் களைக்கவைத்துப் பிடிப்பது, அதனால் ஒரு படி கீழே. இந்த இடத்தில் விதியும் காடும் ஒத்துப்போகின்றன.

அட்டையில் ஸ்டெல்த் என்ற வரியே இல்லை. அந்த விலங்கால் ஒளியவே முடியாதா?

முடியும். வரி இல்லையென்றால் தேர்ச்சி இல்லை என்று மட்டுமே பொருள். டெக்ஸ்டெரிட்டியை மட்டும் கூட்டி உருட்டுங்கள். பழுப்புக் கரடிக்கு +0, எலிக்கும் +0 (அதன் டெக்ஸ் வெறும் 11). மானுக்கு +3. யானைக்கு −1.

இதை மறந்துவிடுவதால் நிறைய மேசைகளில் பாம்பு வீணாகிறது. 2014 புத்தகத்தில் நச்சுப் பாம்புக்கும் மலைப்பாம்புக்கும் ஸ்டெல்த் தேர்ச்சியே கொடுக்கவில்லை. நச்சுப் பாம்புக்கு டெக்ஸ் 16 என்பதால் +3 கிடைக்கிறது, மலைப்பாம்புக்கு +2. சருகோடு சருகாகக் கிடக்கும் உயிருக்கு இது போதாது. இதைப் பிழை என்றே கருதுகிறோம். திருத்துவதும் எளிது: நச்சுப் பாம்புக்குச் சாதாரணத் தேர்ச்சி கொடுத்து +5 ஆக்குங்கள், மலைப்பாம்புக்கு இரட்டை கொடுத்து +6 ஆக்குங்கள். சவால் மதிப்பை மாற்றத் தேவையில்லை. பாம்பின் ஆபத்து நஞ்சிலும் இறுக்கலிலும் இருக்கிறது, அவற்றை நாம் தொடவில்லை.

யானைக்கும் ஒரு வார்த்தை. அதன் பாதத்தின் அடியில் கொழுப்பு மெத்தை இருப்பதால் உண்மையில் அது ஆச்சரியப்படும் அளவுக்குச் சத்தமின்றி நடக்கும். −1 என்பது பார்வைக்குப் பொருந்தும், செவிக்குப் பொருந்தாது. இருட்டில், கேட்டு மட்டுமே அறிய வேண்டிய நிலையில் யானைக்கு அட்வான்டேஜ் கொடுப்பது நியாயம். அட்வான்டேஜ் என்றால் இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது; தாழ்ந்ததை எடுப்பது டிஸ்அட்வான்டேஜ்.

உடல் அளவுக்கு ஐந்தாம் பதிப்பில் மதிப்பே இல்லையா?

எண்ணாக இல்லை. 3.5இல் இருந்தது: மனித அளவுக்கு 0, ஒரு படி சிறிதானால் +4, பூனை அளவுக்கு +8, இன்னும் சிறியவற்றுக்கு +12, +16. பெரிதானால் அதே கணக்கில் −4, −8, −12, −16. இது ஒளிதலுக்கு மட்டும், ஓசைக்கு இல்லை. பூனையின் +14ஐப் பிரித்தால் டெக்ஸ் 2, அளவு 8, இனத்துக்கான போனஸ் 4. உயர்ந்த புல்லிலோ அடர்ந்த புதரிலோ அந்த இனப் போனஸ் 8 ஆகும். 2009இல் வந்த பாத்ஃபைண்டர் முதல் பதிப்பு இரண்டு திறமைகளையும் ஸ்டெல்த் என்று ஒன்றாக்கியது, ஆனால் அளவுப் பட்டியலை விடாமல் வைத்துக்கொண்டது.

அந்தப் பட்டியல் அழகானதுதான், ஆனால் மேசையில் அதற்கு ஒரு விலை இருந்தது. +14 உள்ள பூனை மோசமாக 1 உருட்டினாலும் 15 வந்துவிடும். தொடக்க நிலைக் காவலாளிக்கு அதைப் பார்க்க வாய்ப்பே குறைவு. பெரிய விலங்குக்கோ உருட்டுவதே வீண். ஐந்தாம் பதிப்பு எல்லா எண்களையும் குறுகிய வரம்பில் வைத்திருப்பதால் ±8 என்பது அங்கே பொருந்தாது.

அதற்குப் பதில் உடல் அளவு வேறு வாசல் வழியாக வருகிறது: ஒளிய இடம் இருக்கிறதா என்ற கேள்வி. உங்களைத் தெளிவாகப் பார்த்துக்கொண்டிருப்பவரிடமிருந்து ஒளிய முடியாது என்பது விதி. பூனைக்கு ஒரு கவிழ்த்த வாளி போதும். புலிக்கு ஒரு வண்டி வேண்டும். யானைக்கு ஒரு வீடு வேண்டும். ஆகவே உருட்டும் முன் டிஎம் கேட்க வேண்டியது, “எதற்குப் பின்னால்?” சரியான பதில் இல்லையென்றால் பகடையைத் தொடவே விடாதீர்கள். இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும் மேசையில் பூனையின் +4 புலியின் +6ஐ விட நூறு இடங்களில் அதிகம் பயன்படும்.

முதலைக்கு +2, ராட்சத முதலைக்கு +5. பெரிதானால் ஒளிவது எளிதா?

முதலை: டெக்ஸ் 10, தேர்ச்சி +2, மொத்தம் +2. ராட்சத முதலை: டெக்ஸ் 9 என்பதால் −1. ஆனால் சவால் மதிப்பு 5, தேர்ச்சி எண் +3, அதை இரட்டிப்பாக்கினால் 6. மொத்தம் +5. பெரிய விலங்கு அதிக சவால் மதிப்பு பெறுகிறது, அதோடு தேர்ச்சி எண்ணும் ஏறுகிறது. அளவு எதிர்த்திசையில் இழுக்க எந்த எண்ணும் இல்லாததால் இப்படி ஆகிறது.

உண்மையில் இரண்டு முதலைகளுக்கும் பதுங்கல் ஒரே இடத்திலிருந்து வருகிறது: கண்ணும் மூக்குத் துளையும் தலையின் மேல்பக்கத்தில் இருப்பது. 3.5 இதைத் துல்லியமாகப் பிடித்திருந்தது. தண்ணீரில் இருந்தால் +4. கண்ணும் மூக்கும் மட்டும் தெரியும்படி மிதந்தால் மேலும் +10. ஐந்தாம் பதிப்பில் இதைக் கொண்டுவர ஒரு வரி போதும்: ‘அசையாமல் நீரில் கிடக்கும்போது ஸ்டெல்த் உருட்டலில் அட்வான்டேஜ், கரையில் டிஸ்அட்வான்டேஜ்.’

மேசையில் அது எப்படி நடக்கும் என்று பாருங்கள். கலங்கிய ஆற்றுத்துறை, குழு ஒருவர் பின் ஒருவராக இறங்குகிறது. முதலை இரண்டு பகடை உருட்டுகிறது: 6, 12. உயர்ந்தது 12, கூட்டினால் 14. குழுவில் நால்வரின் பாசிவ் பெர்செப்ஷன் 10, 11, 13, 16. பாசிவ் பெர்செப்ஷன் என்பது உருட்டாமலே கவனிக்கும் திறன், 10உடன் பெர்செப்ஷன் எண்ணைக் கூட்டியது. 16 உள்ளவருக்கு மட்டும் நீர்மேல் இரண்டு முண்டுகள் தெரிகின்றன. மற்ற மூவரும் திடுக்கிடுவார்கள். முதல் சுற்றில் அவர்களால் நகரவோ செயல்படவோ முடியாது. பார்த்தவர் கத்தினாலும் அந்த மூவரின் நிலை மாறாது, ஏனென்றால் சண்டை தொடங்கிய கணத்தில் அவர்கள் அறியவில்லை. கத்துவதற்கு நேரம் இருந்ததா, முதலை இன்னும் 30 அடி தள்ளி இருந்ததா என்பதை டிஎம் முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். இங்கேதான் வாக்குவாதம் வெடிக்கும். தூரத்தை உருட்டும் முன்பே சொல்லிவிட்டால் வெடிக்காது.

முதலை 15 நிமிடம் மூச்சடக்கும், ராட்சத முதலை 30 நிமிடம். முழுவதும் மூழ்கியிருந்தால் மேலிருந்து பார்ப்பவரிடமிருந்து மறைய முதலைக்கு உருட்டலே தேவையில்லை.

ஓநாய்க்கூட்டம் ஒருபோதும் பதுங்கி வர முடிவதில்லை. எங்கே தவறு?

ஒவ்வொரு ஓநாய்க்கும் தனித்தனியாக உருட்டுகிறீர்கள், ஒன்று தவறினாலும் எல்லாம் போச்சு என்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள். +4 உள்ள ஓநாய், பாசிவ் 13 உள்ளவரை ஏமாற்றப் பகடையில் 9 அல்லது மேல் வேண்டும் (சமமானால் ஒளிந்தவருக்கே வெற்றி என்று கொண்டால்): 60 சதவீதம். நான்கும் தனித்தனியாகத் தேற வேண்டுமென்றால் 13 சதவீதம்தான். எட்டு முறையில் ஒரு முறை.

விதியில் குழு உருட்டல் இருக்கிறது: பாதிப் பேர் தேறினால் குழு தேறியது. அதன்படி நான்கில் இரண்டு போதும், வாய்ப்பு 82 சதவீதம். கூட்டமாக வேட்டையாடும் விலங்குக்கு இதுதான் பொருத்தம். எல்லா ஓநாய்க்கும் ஒரே உருட்டல் என்பதும் வேகமான வழிதான், ஆனால் ஒரு மோசமான பகடை முழுக் கூட்டத்தையும் காட்டிக்கொடுக்கும்.

ஆந்தையின் சத்தமில்லாத பறத்தல் எங்கே போயிற்று?

காணாமல் போய்விட்டது என்பதே நேர்மையான பதில். 3.5இல் ஆந்தைக்கு ஓசையின்றி நகர்வதில் இனப் போனஸே +14, மொத்தம் +17. ஐந்தாம் பதிப்பில் டெக்ஸ் 13, தேர்ச்சி +2, ஆக +3. பருந்துக்கு ஸ்டெல்த் தேர்ச்சியே இல்லை, ஆனால் டெக்ஸ் 16 என்பதால் அதற்கும் +3. இரவில் சிறகோசை கேட்காமல் இறங்கும் ஆந்தையும், பகலில் திறந்த வானில் வட்டமிடும் பருந்தும் ஒரே எண்ணில் நிற்கின்றன. ஆந்தையின் சிறகு முன்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு காற்றின் இரைச்சலைக் குறைக்கிறது. இதற்கான வரி அட்டையில் இல்லை.

நாங்கள் பரிந்துரைப்பது: ‘பறக்கும்போது, செவியை மட்டும் நம்பும் பெர்செப்ஷனுக்கு எதிரான ஸ்டெல்த் உருட்டலில் ஆந்தைக்கு அட்வான்டேஜ்.’ ராட்சத ஆந்தைக்கும் அதே. எண்ணை +8, +9 என்று ஏற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் வெளிச்சத்தில் கிளைமேல் உட்கார்ந்திருக்கும் ஆந்தையும் மாயமாகிவிடும்.

ஆக்டோபஸுக்கு எண் அல்லாமல் தனி வரி இருக்கிறதே?

சூழலைப் பொறுத்த பதுங்கலுக்கு ஐந்தாம் பதிப்பு கண்ட வழி அதுதான், நல்ல வழி. ஆக்டோபஸுக்கு நீருக்கடியில் ஸ்டெல்த் உருட்டலில் அட்வான்டேஜ். வின்டர் வுல்ஃப் என்ற பனி ஓநாய்க்குப் பனி நிலத்தில் ஒளியும்போது அட்வான்டேஜ். ராட்சத ஆக்டோபஸுக்கு +5. பாசிவ் 13க்கு எதிராகச் சாதாரணமாக 65 சதவீதம், நீருக்கடியில் ஏறக்குறைய 88. கரைக்கு இழுத்துவந்தால் மறுபடி 65. நிறம் மாற்றும் தோலின் பலன் இடத்தோடு கட்டப்பட்டிருப்பது சரியே.

ஒரே புலி, ஒரே உருட்டல். ஒரு நாள் தெரிகிறது, மறுநாள் தெரியவில்லை. ஏன்?

பதுங்கல் ஒற்றை எண் அல்ல, இரண்டு எண்களின் மோதல். எதிர்ப்பக்கம்தான் அதிகம் மாறுகிறது, அதைக் கணக்கில் எடுக்காமல் விலங்கை மட்டும் குறை சொல்லக் கூடாது.

மங்கலான வெளிச்சம், நடுத்தரப் புதர், திட்டுத்திட்டான மூடுபனி: பார்வையை நம்பும் பெர்செப்ஷனுக்கு டிஸ்அட்வான்டேஜ், பாசிவ் எண்ணில் −5. பாசிவ் 13 உள்ளவர் 8 ஆகிவிடுகிறார். +4 ஓநாயின் வாய்ப்பு 60இலிருந்து 85 சதவீதத்துக்குத் தாவுகிறது. விலங்கு எதையும் மாற்றவில்லை, சூரியன் இறங்கியது அவ்வளவுதான். வேகமாகப் பயணம் செய்யும் குழுவுக்கும் பாசிவ் −5.

எதிர்த்திசையில், மோப்பம். மாஸ்டிஃப் நாயின் பாசிவ் 13. செவியும் மோப்பமும் கூர்மையானவை என்பதால் அந்தப் புலன்களுக்கு +5 கூட்டி 18. அதை ஏமாற்ற +6 உள்ள புலிக்கே பகடையில் 12 வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்கும் ஆட்டக்காரர் இருந்தால் அவருக்குப் பலன் கொடுங்கள்: காற்று நாயிடமிருந்து புலிப்பக்கம் வீசினால் மோப்பத்துக்கான +5ஐ நீக்குங்கள், செவி மட்டும் மிஞ்சும்.

வௌவால் எதிரொலியால் 60 அடிவரை பார்க்காமலே அறியும். அதற்கு முன் இருட்டில் நிற்பது ஒளிவது ஆகாது. சுவரோ பாறையோ முழுமையாக மறைக்க வேண்டும், அல்லது 60 அடிக்கு வெளியே நிற்க வேண்டும்.

சிறு குறிப்பு: 2014 புத்தகத்தில் புலிக்கு இருட்டுப் பார்வை 60 அடி உண்டு, பூனை, சிங்கம், கருஞ்சிறுத்தைக்கு இல்லை. இருட்டில் ஒளிந்த கருஞ்சிறுத்தைக்குத் தன் இரையே தெரியாது. மூன்றுக்கும் 60 அடி கொடுத்துவிடுங்கள்.

ட்ரூயிட் விலங்காக மாறினால் யாருடைய ஸ்டெல்த்?

ட்ரூயிட் என்பவர் மந்திரத்தால் விலங்கு வடிவம் எடுக்கும் ஆட்டப் பாத்திரம். உடல் விலங்கினுடையது, கற்ற தேர்ச்சி உங்களுடையது, விலங்கின் தேர்ச்சியும் கூடக் கிடைக்கும். இரண்டு பேருக்கும் ஒரே தேர்ச்சி இருந்து விலங்கின் எண் பெரிதானால் விலங்கினுடையதை எடுக்கலாம்.

9ஆம் நிலை ட்ரூயிட், தேர்ச்சி எண் +4, ஸ்டெல்த் கற்றவர் என்று வையுங்கள். எலியானால் 0+4=+4. பூனையானால் 2+4=+6, அட்டையின் +4 இங்கே தோற்கிறது. வீசல் ஆனால் +7. ராட்சதச் சிலந்தியானால் 3+4=+7, அட்டையிலும் +7, ஆக மாற்றமில்லை. கற்காதவர் என்றால் எலி வடிவம் வெறும் +0; ‘சின்ன உடம்பு, யாருக்கும் தெரியாது’ என்று எலியைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இதனால்தான். 2ஆம் நிலையிலேயே கிடைப்பவற்றில் ராட்சத ஓநாய்ச் சிலந்திக்கு +7, கருஞ்சிறுத்தைக்கு +6. இரண்டும் சவால் மதிப்பு 1/4.

உடலோடு கலந்துவிட்ட கவசம் டிஸ்அட்வான்டேஜ் தராது. ஆனால் குதிரைக்கோ புலிக்கோ வெளியே மாட்டும் கவசம் தரும். சங்கிலிக் கவசம் விலங்குக்கு நான்கு மடங்கு விலை, இரு மடங்கு எடை: 300 பொற்காசு, 110 பவுண்டு, அதோடு ஸ்டெல்த்தில் டிஸ்அட்வான்டேஜ். பதுங்கும் விலங்குக்கு அது வேண்டாம்.

இன்னொன்று. நகரத் தெருவில் பூனையாக நடந்தால் ஒளிய வேண்டிய அவசியமே இல்லை; எல்லோரும் பார்ப்பார்கள், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அங்கே ஸ்டெல்த் உருட்டச் சொல்லாதீர்கள். பூனை இருக்கக் கூடாத இடம், அதாவது பூட்டிய கருவூலமோ பாதாள அறையோ, வந்தபிறகு கேளுங்கள்.

மந்திரவாதியின் துணை விலங்காக, வேவு பார்க்க எது சிறந்தது?

எண் மட்டும் பார்த்தால் வீசல், +5. நிலவறைக்குள் போவதென்றால் சிலந்திதான் எங்கள் தேர்வு. ஸ்டெல்த் +4, ஒரு எண்ணின் வித்தியாசம் 5 சதவீதம் மட்டுமே. சுவரிலும் கூரையிலும் ஏறும், 30 அடி இருட்டுப் பார்வை உண்டு, கதவிடுக்கில் நுழையும். வீசலுக்கு இருட்டுப் பார்வை இல்லை. திறந்த வெளியில் இரவென்றால் ஆந்தை: +3தான், ஆனால் 120 அடி இருட்டுப் பார்வை. எதை எடுத்தாலும் அதன் கண்வழியே பார்க்க 100 அடிக்குள் இருக்க வேண்டும். துணை செத்தால் மீண்டும் அழைக்க 10 பொற்காசு மதிப்புள்ள பொருளும் ஒரு மணி நேரமும் போகும்.

குழுவில் ‘பாஸ் வித்தவுட் டிரேஸ்’ மந்திரம் தெரிந்தவர் இருந்தால் 30 அடிக்குள் அவர் தேர்ந்தெடுக்கும் எல்லோருக்கும் +10. கரடிக்கே +10 ஆகிவிடும். விலங்குகளுக்கிடையே உள்ள வேறுபாடு அந்த மந்திரம் நீடிக்கும் ஒரு மணி நேரம் பெரிதாகத் தெரியாது.

புத்தகத்தில் இல்லாத விலங்குக்கு எண் வைப்பது எப்படி?

பச்சோந்தியை எடுத்துக்கொள்வோம். நெருங்கிய அட்டை பல்லி: டெக்ஸ் 11, தேர்ச்சி இல்லை, வேகம் 20 அடி.

முதலில் டெக்ஸை மாற்ற ஆசைப்படாதீர்கள். பச்சோந்தி மெதுவான உயிர். டெக்ஸை ஏற்றினால் கவச எண்ணும் இனிஷியேட்டிவும் (சண்டையில் யார் முதலில் என்பதை முடிவுசெய்யும் எண்) சேர்ந்து ஏறும், பதுங்கலுக்காக அதைத் துடிப்பாக்கிவிடுவீர்கள். அடுத்து, அது எதற்காகப் பதுங்குகிறது என்று கேளுங்கள். தப்பிக்க மட்டும் என்றால் சாதாரணத் தேர்ச்சி. பதுங்கியே இரை பிடிக்கிறது என்றால் இரட்டை. பச்சோந்தி இரண்டாவது வகை: 0+4=+4. மூன்றாவதாக, பதுங்கல் இடத்தோடு கட்டப்பட்டதா? அதன் நிறமாற்றம் பெரும்பாலும் இனத்தோடு பேசவும் உடல்சூட்டைச் சமாளிக்கவும். உண்மையில் அதை மறைப்பது இலை போன்ற தட்டை உடம்பும் காற்றில் ஆடும் இலைபோல் அசைந்தசைந்து நகர்வதும். ஆகவே ‘இலைகளுக்கிடையில் இருக்கும்போது அட்வான்டேஜ்’.

இரட்டைத் தேர்ச்சியும் அட்வான்டேஜும் சேரும்போது கவனம். பகடையில் 11 வேண்டிய இடத்தில் அட்வான்டேஜ் 50 சதவீதத்தை 75 ஆக்கும், அதாவது +5க்குச் சமம். 17 வேண்டிய இடத்தில் 20ஐ 36 ஆக்கும், +3க்குச் சற்று மேல். சண்டையில் பயமுறுத்தாத சிறு விலங்குக்கு இரண்டும் இருக்கலாம். ஒரே அடியில் ஆளை வீழ்த்தும் விலங்குக்கு ஒன்றை மட்டும் கொடுங்கள்.

2024 விதிகளில் என்ன மாறியது?

ஒளிவதற்கு இப்போது நிலையான இலக்கு உண்டு: 15. முழு இருட்டு போன்ற கடும் மறைவிலோ, முக்கால் பங்கு அல்லது முழு மறைப்புக்குப் பின்னாலோ, எதிரியின் பார்வைக்கு வெளியே இருந்து 15 எடுக்க வேண்டும். எடுத்த மொத்தமே பிறகு தேடுபவர் எட்ட வேண்டிய எண். காவலாளி எவ்வளவு மந்தமானவராக இருந்தாலும் 14 எடுத்தால் ஒளியவில்லை.

2014 எண்களையே வைத்துப் பார்த்தால் புலிக்கு 60 சதவீதம், ஓநாய்க்கு 50, கரடிக்கு 30, யானைக்கு 25. பழைய முறையில் பாசிவ் 10 உள்ள குடியானவருக்கு எதிராகக் கரடிக்கு 55 கிடைத்தது. சிறிய எண் உள்ள விலங்குகளுக்கே இழப்பு அதிகம். திடுக்கிடுதலும் மென்மையாகிவிட்டது: முதல் சுற்றை இழப்பதில்லை, இனிஷியேட்டிவில் டிஸ்அட்வான்டேஜ் மட்டும். பதுங்கிப் பாயும் விலங்கை 2024 விதியில் ஓட்டும்போது, அது மறைவிலிருந்து அடிக்கும் முதல் அடிக்கு அட்வான்டேஜ் உண்டு என்பதை மறக்காமல் பயன்படுத்துங்கள். அதன் பலத்தில் பெரும்பங்கு இப்போது அங்கேதான் இருக்கிறது.

பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பில்?

2019இல் வந்த அந்தப் பதிப்பில் கற்ற திறமையோடு நிலை எண்ணும் கூடுகிறது, அளவுப் பட்டியல் போய்விட்டது. எனவே அங்கே இரண்டு விலங்குகளின் ஸ்டெல்த் வேறுபட்டால் முதலில் நிலையைப் பாருங்கள். 1ஆம் நிலை விலங்கையும் 4ஆம் நிலை விலங்கையும் ஒப்பிடும்போது 3 எண் நிலையினாலேயே வந்துவிடும். அதைக் கழித்த மிச்சம்தான் பதுங்கும் திறன். ஐந்தாம் பதிப்பு அட்டையை அங்கே கொண்டுபோகும்போது எண்ணை அப்படியே எழுதாதீர்கள். சாதாரணமா, இரட்டையா என்று மட்டும் குறித்துக்கொண்டு, அந்த நிலைக்குரிய திறமைப் பட்டியலில் சாதாரணத்துக்கு நடுத்தர எண்ணையும், இரட்டைக்கு உயர் எண்ணையும் எடுங்கள்.